அணைய மறுக்கும் மஞ்சள் விளக்கு: ஒரு மீன் வாகனம் சொல்லித்தந்த பாடம்

அதிகாலை ஐந்து மணியாகவில்லை. ஆனையிறவு உப்பளங்களைத் தாண்டிக்கொண்டிருந்தபோது வாகனம் திடீரென இழுவையை இழந்தது. அத்தான் அக்சிலேற்றரை அடிமட்டம்வரை மிதித்தும் மணிக்கு 40 கிலோமீற்றருக்கு மேல் முள் ஏறவில்லை. முன் பலகையில் எஞ்சின் வடிவ மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பின்னால் நாலு பெட்டி மீனும் கரைந்துகொண்டிருக்கும் ஐஸும். யாழ்ப்பாணத்தில் கூறல் தொடங்க முன்னர் போய்ச் சேரவேண்டும். பிந்தினால் விலை விழும்.

“திரும்பவும் தொடங்கிட்டுது தம்பி” என்றார் அத்தான். அவர் குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. ஏழு மாதங்களில் அது நாலாவது தடவை.

முல்லைத்தீவிலிருந்து மீன் ஏற்றும் இந்த டீசல் டபுள் கப் வாகனம் அக்கா குடும்பத்தின் முழு முதலீடு. 2009 இல் வட்டுவாகல் பாலத்துக்கு அந்தப் பக்கம் கைவிட்டு வந்த சின்ன லொறிக்குப் பிறகு, பத்து வருடம் கழித்து லீசிங்கில் எடுத்த இரண்டாம் கை வாகனம் இது. மாதம் 68,000 ரூபாய் கட்டுப்பணம். இரண்டு மாதம் தவறினால் வாகனத்தைத் தூக்கிச்செல்ல ஆட்கள் வீட்டு வாசலில் நிற்பார்கள் என்பது வன்னியில் எல்லோருக்கும் தெரிந்த கதை. 2020 மார்ச்சில் வந்த வாகன இறக்குமதித் தடையால் பழைய வாகனங்களின் விலை எங்கேயோ போய்விட்டது. 2025 பெப்ரவரியில் தடை நீங்கிய பிறகும் புதிய டபுள் கப் ஒன்று எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாத உயரத்தில்தான் நிற்கிறது. ஆகவே இருப்பதைத் திருத்தித்தான் ஓட வேண்டும்.

நான் வாகனத்துறை ஆள் இல்லை. எழுதிப் பிழைப்பவன். ஆனால் ஒரே பிழை நாலு தடவை திரும்பி வந்தபோது, அதை விளங்கிக்கொள்ளாமல் காசு கொடுத்துக்கொண்டே இருப்பதில் அர்த்தமில்லை என்று தோன்றியது. மெக்கானிக்குகளிடம் கேட்டும், கைநூல்களை வாசித்தும், பக்கத்து இருக்கையில் இருந்து பார்த்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். இதே விளக்கோடு போராடும் வேறு பல குடும்பங்கள் வடக்கிலும் கிழக்கிலும் இருப்பது எனக்குத் தெரியும்.

விளக்கு எதைப் பற்றிப் பேசுகிறது?

பழைய டீசல் எஞ்சினில் புகை சைலன்சர் வழியாக நேரே வெளியே போனது. இப்போதைய எஞ்சின்களில் அந்தப் புகை இரண்டு காவலைத் தாண்டவேண்டும்.

முதலாவது, ஈ.ஜி.ஆர் என்று கராஜ்களில் சொல்லப்படும் வால்வு. வெளியேறும் புகையில் ஒரு பகுதியைத் திருப்பி எஞ்சினுக்குள்ளேயே அனுப்புவது இதன் வேலை. ‘கழிவை ஏன் திரும்ப உள்ளே விடுகிறார்கள்’ என்று பலர் கேட்பார்கள். டீசல் மிக அதிக வெப்பத்தில் எரியும்போது காற்றிலுள்ள நைதரசனும் ஒட்சிசனும் சேர்ந்து நைதரசன் ஒட்சைட்டுகள் உருவாகின்றன. இவை மூச்சுக்குழாயை உறுத்துபவை. ஒட்சிசன் குறைந்த புகையைக் கொஞ்சம் கலந்துவிட்டால் எரியும் வெப்பம் தணியும், அந்த வாயுக்களும் குறையும். ஆனால் திரும்பி வரும் புகையில் கரி இருக்கிறது. எஞ்சின் ஒயிலின் ஆவியும் அதே பாதையில் வந்து சேர்கிறது. இரண்டும் ஒட்டினால் தார் மாதிரி ஒரு படிவு. அது வால்வை முழுதாக மூடவிடாமல் அல்லது திறக்கவிடாமல் பிடித்துக்கொள்ளும்.

இரண்டாவது, டி.பி.எஃப் என்னும் கரி வடிகட்டி. சைலன்சர் குழாயின் முன்பகுதியில், தேன்கூடு போலச் சிறு சிறு அறைகள் கொண்ட பீங்கான் கட்டி ஒன்று இருக்கிறது. புகை அதன் சுவர்களை ஊடுருவிப் போகும்போது கரி உள்ளே தங்கிவிடும். தங்கிய கரியை வடிகட்டி அவ்வப்போது தானே எரித்துச் சாம்பலாக்க வேண்டும். ‘ரீஜெனரேஷன்’ என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான்.

கரி எரிய ஏறக்குறைய 600 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். சாதாரண ஓட்டத்தில் சைலன்சர் அவ்வளவு சூடேறாது. ஆகவே எஞ்சினின் கணினி, வடிகட்டி நிறைந்துவருவதாகக் கண்டால், வழமையான நேரத்துக்குப் பிந்திக் கொஞ்சம் டீசலை மேலதிகமாகத் தெளித்து அந்த வெப்பத்தை உண்டாக்குகிறது. இது முடியப் பெரும்பாலும் 15 தொடக்கம் 25 நிமிடம் எடுக்கும். அந்த நேரத்தில் வாகனம் நிற்காமல் ஒரே சீராக ஓடவேண்டும். இடையில் திறப்பை மூடினால் வேலை பாதியில் நிற்கும். கரி மிஞ்சும். எரியாத டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவரால் வழிந்து எஞ்சின் ஒயிலோடு கலக்கும்.

இப்படிப் பல தடவை அரைகுறையாக நின்றால் வடிகட்டி அடைபட்டு, எஞ்சினைக் காப்பாற்றுவதற்காகக் கணினி வலுவைக் குறைத்துவிடும். ஆனையிறவில் எங்களுக்கு நடந்தது அதுதான்.

நாலு தடவை, நாலு வைத்தியம்

முதல் தடவை விளக்கு எரிந்தபோது ஒரு கராஜில் ஸ்கேனரைச் செருகி, வந்த கோட்டை அழித்துவிட்டார்கள். விளக்கு அணைந்தது. 3,000 ரூபாய். மூன்று கிழமையில் திரும்ப வந்தது.

இரண்டாம் தடவை ‘ஈ.ஜி.ஆர் ஓட்டம் போதாது’ என்னும் பீ 0401 கோட். வால்வைக் கழற்றிக் கழுவினார்கள். கறுப்புக் களியாக ஒரு பேசின் நிறைய வந்தது. வாகனம் புதுசு போல ஓடியது. இரண்டு மாதம்.

மூன்றாம் தடவை வடிகட்டியில் கரி மிஞ்சிவிட்டது என்னும் பீ 2463. இன்னொரு கராஜ். வடிகட்டியைக் கழற்றி, வாகனம் கழுவும் அழுத்தக் குழாயால் தண்ணீர் அடித்தார்கள். அழுத்த சென்சரையும் மாற்றினார்கள். மொத்தம் ஒரு லட்சத்துக்குக் கிட்ட. அழுத்தத் தண்ணீர் அந்தப் பீங்கான் அறைகளை உடைத்துவிடக்கூடியது என்பதைப் பிறகுதான் அறிந்தேன். எங்கள் வடிகட்டி தப்பியது அதிர்ஷ்டம். ஆறு கிழமை ஓடியது.

நாலாம் தடவை, ஆனையிறவுக்குப் பிறகு, மூன்றாவது கராஜ்காரர் கையை விரித்தார். “உதெல்லாம் எங்கட நாட்டுக்குச் சரிவராது. வடிகட்டியை வெட்டி எறிஞ்சிட்டு, ஈ.ஜி.ஆருக்குத் தகடு அடிச்சு, கொம்பியூட்டரை மாத்தி விட்டால் பிறகு தலையிடியே இல்லை.”

அத்தான் சம்மதிக்கும் நிலையில்தான் இருந்தார். உண்மையைச் சொன்னால் நானும்.

ஆனால் ஒரு கேள்வி எனக்குள் இடித்துக்கொண்டே இருந்தது. வடிகட்டி அடைபடுவது பெரும்பாலும் நகரத்துக்குள் குறுந்தூரம் ஓடி, நின்று நின்று போகும் வாகனங்களில் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். எங்கள் வாகனம் முல்லைத்தீவிலிருந்து பரந்தன் வந்து, ஏ9 வீதியால் யாழ்ப்பாணம்வரை நூறு கிலோமீற்றருக்கு மேல் தினமும் ஒரே ஓட்டமாக ஓடுகிறது. கரி எரிவதற்கு இதைவிட நல்ல ஓட்டம் கிடையாது. பிறகு ஏன் அடைபடுகிறது?

மண்ணெண்ணெய்க் காலத்துக் கைகள்

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். ‘கழற்றி எறி’ என்று சொன்ன அந்த மனிதரைக் குறைசொல்வது எளிது. ஆனால் அவர் தொழில் பழகியது எந்தக் காலத்தில் என்பதையும் பார்க்கவேண்டும்.

1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்குள் பெற்றோலும் டீசலும் யாழ்ப்பாணத்துக்கு வருவது நின்றபோது, இந்த ஊரின் வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் ஒரு மூடி பெற்றோலில் உயிர்பெற்று, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாறும். வெளியே வரும் புகை கண்ணைக் கரிக்கும். உதிரிப்பாகம் இல்லை. இல்லாததை வெட்டி, ஒட்டி, சுற்றிக்கட்டி ஓடவைத்தவர்கள்தான் எங்கள் மெக்கானிக்குகள். காயப்பட்டவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அந்த வாகனங்கள்தான். அந்தக் கைவன்மை இல்லாவிட்டால் இன்று உயிரோடு இருக்கமாட்டாதவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

அந்தக் காலம் கற்றுக்கொடுத்த பாடம்: எது இல்லாமலும் ஓடலாம். தொந்தரவு தரும் பாகத்தைத் தவிர்த்துவிடு.

ஒரு பாகம் இன்னொன்றை அறியாத பழைய எஞ்சினுக்கு அது பொருந்தியது. இப்போதைய எஞ்சினில் ஒவ்வொரு பாகமும் மற்றதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒன்றைத் தவிர்த்தால் எங்கேயோ தொலைவில் உள்ள வேறொன்று பழுதாகிறது. அப்படித்தான் எங்கள் வாகனத்திலும் நடந்திருந்தது. ஆனால் அது எங்களுக்குத் தெரியாது.

எரிபொருளிலும் அதே பழைய பழக்கம் 2022 இல் திரும்பி வந்தது. அந்த வருடம் ஓகஸ்ட் பிற்பகுதிவரை ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாய். ஒட்டோ டீசலோ 400 ரூபாவுக்கு மேல். வரிசையில் நாள்கணக்கில் நின்றும் டீசல் கிடைக்காத காலம். மண்ணெண்ணெய் கலந்து ஓடாதவர்கள் குறைவு. பிறகு மண்ணெண்ணெய் ஒரே இரவில் 340 ரூபாய் ஆனபோது, அதிலேயே படகு ஓடிய கடற்றொழிலாளர்கள் பட்ட பாடு தனிக்கதை.

பழைய டீசல் எஞ்சின் இந்தக் கலப்பைத் தாங்கிக்கொண்டது. புதிய கொமன் ரெயில் எஞ்சின் தாங்காது. அதன் பம்பு டீசலை 1,600 பார் அழுத்தத்துக்கும் மேலே தள்ளுகிறது. அந்தப் பம்புக்கு உராய்வைத் தடுக்கும் மசகே டீசல்தான். மண்ணெண்ணெயில் அந்த வழவழப்புக் குறைவு. பம்பு தேயும்போது நுண்ணிய உலோகத் துகள்கள் இன்ஜெக்டர்களுக்குப் போகும். இன்ஜெக்டர் தேய்ந்தால் டீசல் பனிபோலத் தெளியாமல் துளியாக விழும். துளி முழுதாக எரியாது. கரி கூடும். கரி ஈ.ஜி.ஆரை அடைக்கும், வடிகட்டியை நிரப்பும். விளக்கு எரிவது கடைசியில்தான். அதற்குக் காரணமானது ஒரு வருடத்துக்கு முன் ராங்கியில் ஊற்றிய இரண்டு கலன் மண்ணெண்ணெயாக இருக்கலாம்.

கிளிநொச்சியில் ஒருவர் கேட்ட கேள்வி

வடிகட்டியை வெட்ட நாள் குறித்த பிறகு, கடைசி முயற்சியாகக் கிளிநொச்சியில் ஒரு சிறிய கராஜுக்குப் போனோம். நடத்துபவர் எங்களை விட மூத்தவர். மத்திய கிழக்கில் பல வருடம் கனரக வாகனங்களில் வேலைசெய்துவிட்டு வந்தவர். வாகனத்தைத் தொட முதலே கேட்டார்: “முந்தி வந்த கோட் எல்லாத்தையும் எழுதி வைச்சிருக்கிறியளோ?”

இல்லை என்றோம். ஒவ்வொரு கராஜிலும் முதலில் செய்த வேலையே எல்லாவற்றையும் அழித்ததுதான்.

“அழிக்கிறது கடைசியா செய்யிற வேலை தம்பி. முதல் எழுதவேணும். எந்தக் கோட், எந்தத் திகதி, எத்தினை கிலோமீற்றரில. அழிச்சுப்போட்டு நோயைத் தேடினால் எங்க தேடுறது?”

அவர் ஸ்கேனரைச் செருகி, கோட்டுகளை ஒரு கொப்பியில் எழுதினார். பீ 2463 இருந்தது. அதன் கீழே யாரும் எங்களுக்குச் சொல்லாத இன்னொன்று: பீ 0128. எஞ்சின் வேண்டிய வெப்பத்தை அடையவில்லை என்பது அதன் பொருள். மற்றக் கராஜ்களிலும் அது வந்திருக்கக்கூடும். பெரிதாகத் தெரிந்த கோட்டைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் சேர்த்தே அழித்திருக்கிறார்கள்.

பிறகு அவர் எங்களோடு ஏறி, பரந்தன் சந்திவரை ஓடச்சொன்னார். மடியில் ஸ்கேனரின் திரை. ரேடியேற்றர் தண்ணீரின் வெப்பம் 85 பாகைக்கு மேல் நிற்கவேண்டிய இடத்தில் 60 ஐத் தொட்டுத் தொட்டு இறங்கியது. “தேர்மோஸ்ரற் எங்க?” என்றார்.

அத்தானுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. வாகனம் வாங்கிய அடுத்த வருடம் ஒருநாள் சூடேறித் தண்ணீர் கொதித்தது. திருத்தியவர் தேர்மோஸ்ரற்றைக் கழற்றிவிட்டு, ‘இது வெள்ளைக்காரன்ர குளிர் நாட்டுக்கு, எங்கட வெக்கைக்குத் தேவையில்லை’ என்று சொல்லியிருந்தார். அதன் பிறகு வாகனம் ஒருநாளும் சூடேறவில்லை. வெப்ப முள் எப்போதும் கீழேயே நின்றதை அத்தான் நல்ல சகுனமாக நினைத்திருந்தார்.

தேர்மோஸ்ரற் என்பது எஞ்சின் தண்ணீர் சூடாகும்வரை ரேடியேற்றர் பாதையை மூடிவைக்கும் ஒரு சிறு வால்வு. அது இல்லாவிட்டால் தண்ணீர் தொடக்கத்திலிருந்தே ரேடியேற்றருக்குள் ஓடிக் குளிர்ந்துகொண்டே இருக்கும். நிற்கும்போது ஓரளவு சூடேறலாம். அதிகாலைக் குளிர்காற்றில், நெடுஞ்சாலையில் ஓடும்போதுதான் எஞ்சின் மிக அதிகமாகக் குளிரும். எஞ்சின் போதிய சூட்டை அடைந்தாலொழிய கரி எரிப்பைத் தொடங்கக்கூடாது என்பது கணினிக்கு இடப்பட்ட கட்டளை. ஆகவே எங்கள் வாகனம் தினமும் நூறு கிலோமீற்றர் ஓடியும், கரியை எரிக்க அனுமதி கேட்டுக் காத்திருந்ததே தவிர எரிக்கவில்லை. குளிர்ந்த எஞ்சினில் டீசல் முழுதாக எரியாததால் கரி வேறு கூடியது.

எனக்குள் இடித்த கேள்விக்கு அதுதான் விடை.

இன்னொன்றும் கண்டார். ரேர்போவிலிருந்து வரும் காற்றைக் கொண்டுபோகும் றப்பர் குழாயின் அடிப்பக்கத்தில் ஒரு வெடிப்பு. கையால் தடவினால் ஒயில் ஈரம். காற்றுக் குறைந்து டீசல் கூடினால் கரிதான் மிஞ்சும். மீன் பெட்டியிலிருந்து ஒழுகும் உப்புத்தண்ணீர் சென்சர் வயர்களின் செருகிகளில் பச்சை பிடிக்கவைத்திருந்தது. அவற்றையும் துடைத்துக் காட்டினார்.

தேர்மோஸ்ரற் 9,500 ரூபாய். குழாய் 18,000. ஒயிலும் பில்டரும் மாற்றி, வாகனத்தை வெறும் சீமெந்துத் தரையில் நிறுத்தி, ஸ்கேனர் மூலம் கரி எரிப்பை ஒருதடவை தொடக்கிவைத்தார். அந்த நேரம் சைலன்சர் பக்கம் நெருங்க முடியாத வெக்கை. காய்ந்த புல்லின்மேலோ ஓலைக் கொட்டிலுக்குப் பக்கத்திலோ இதைச் செய்யக்கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

எல்லாமாக 60,000 ரூபாவுக்குள் முடிந்தது. அதற்கு முன் செலவழித்தது அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். கழுவப்பட்ட வால்வும் மாற்றப்பட்ட சென்சரும் குற்றவாளிகள் இல்லை. அவை அடிவாங்கியவை.

வெட்டி எறிந்தால் என்ன?

இந்தக் கேள்வியை நேர்மையாகப் பார்க்கவேண்டும். வெட்டினால் வாகனம் ஓடும். சிலவேளை முன்னையைவிட நன்றாகவும் ஓடும். கட்டுப்பணம் கட்டவேண்டியவனுக்கு அது சின்ன விடயம் இல்லை.

ஆனால் எங்கள் வாகனத்தில் வடிகட்டியை வெட்டியிருந்தால், குளிர்ந்த எஞ்சினும் வெடித்த குழாயும் அப்படியே இருந்திருக்கும். விளக்கு மட்டும் அணைந்திருக்கும். கரி ரேர்போவையும் ஒயிலையும் தின்றுகொண்டிருப்பது எஞ்சின் இறுகும்வரை தெரியவந்திருக்காது.

அடுத்தது மூச்சு. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உறுதி என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012 யூனில் அறிவித்தது. புகையிலையும் அஸ்பெஸ்ரஸும் உள்ள அதே முதலாம் பட்டியலில் அதைச் சேர்த்தது. வடிகட்டி பிடிப்பது கண்ணுக்குத் தெரியும் கரும்புகையை மட்டும் இல்லை. நுரையீரலின் ஆழத்துக்குப் போய்த் தங்கும், கண்ணுக்குத் தெரியாத துகள்களையும்தான்.

அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர் யார்? அதிகாலை மூன்று மணிக்கு வீட்டு முற்றத்தில் வாகனத்தை இயக்கிவைத்து ஐஸ் ஏற்றும் அத்தானும், யன்னலுக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கும் பிள்ளைகளும். அத்தானின் வலது நெஞ்சில் 2009 இன் சிறு துண்டொன்று இன்னமும் இருக்கிறது. எடுத்தால் ஆபத்து, இருக்கட்டும் என்று வைத்தியர்கள் விட்டுவிட்டார்கள். மாரிகாலத்தில் அவருக்கு இழுப்பு வரும். இப்படி நெஞ்சோடு வாழும் எத்தனையோ பேர் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். வெட்டவேண்டாம் என்று முதலில் சொன்னது அக்காதான். அவவுக்கு எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது. புகையைப் பற்றித் தெரியும்.

புகைப் பரிசோதனை சொல்வதும் சொல்லாததும்

‘ஆனால் எங்கள் வாகனம் புகைப் பரிசோதனையில் பாஸ்தானே’ என்று பலர் சொல்வார்கள். 2008 இல் இலங்கையில் தொடங்கிய இந்தப் பரிசோதனையின் சான்றிதழ் இல்லாமல் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது. டீசல் வாகனத்துக்கு அங்கே செய்வது ஒரு விடயம்தான். நின்ற நிலையில் எஞ்சினைச் சட்டென்று முறுக்கி, வரும் புகை ஒளியை எவ்வளவு மறைக்கிறது என்று அளக்கிறார்கள். நைதரசன் ஒட்சைட்டுகளை அளப்பதில்லை. நுண்துகள்களை எண்ணுவதும் இல்லை. ஈ.ஜி.ஆருக்குத் தகடு அடித்த வாகனம் இந்தப் பரிசோதனையில் தேறிவிடக்கூடும். தேறியதால் நஞ்சு இல்லை என்றாகாது.

அதேவேளை, இந்தப் பரிசோதனை பயனற்றது என்றும் சொல்லமாட்டேன். கடந்த வருடச் சான்றிதழிலுள்ள புகை அளவையும் இந்த வருட அளவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தேறியிருந்தாலும் அளவு ஏறியிருந்தால், எங்கேயோ கரி கூடுகிறது என்று பொருள். விளக்கு எரிய முன்னர் கிடைக்கும் எச்சரிக்கை அது. எங்கள் பழைய சான்றிதழ்களைத் தேடி எடுத்துப் பார்த்தபோது அளவு ஏறியிருந்தது. நாங்கள் ‘பாஸ்’ என்ற சொல்லை மட்டும் வாசித்திருந்தோம்.

செய்யக்கூடியவை

விளக்கு எரிந்தால் முதலில் கோட்டை எழுதி வாங்குங்கள். அழிக்கமுன் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்தாலே போதும். திகதியையும் கிலோமீற்றரையும் குறித்துவையுங்கள். ஒரே கோட் திரும்பி வந்தால், அந்தப் பாகம் காரணமாக இல்லாமல் காரணத்தின் விளைவாக இருக்கலாம் என்று சந்தேகியுங்கள்.

விலைகூடிய பாகத்தை மாற்றமுன் விலைகுறைந்தவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். தேர்மோஸ்ரற் இருக்கிறதா, எஞ்சின் எத்தனை பாகையில் ஓடுகிறது, ரேர்போக் குழாய்களில் வெடிப்பு உண்டா, அழுத்த சென்சருக்குப் போகும் மெல்லிய றப்பர் குழாய்கள் உருகியோ கழன்றோ இருக்கின்றனவா, செருகிகளில் பச்சை பிடித்திருக்கிறதா. கரையோரத்தில் மீனோ ஐஸோ உப்போ ஏற்றும் வாகனங்களுக்குக் கடைசி இரண்டும் முக்கியம்.

ஒயில் அளவுக் கம்பியைக் கிழமைக்கொருதரம் பாருங்கள். ஒயில் குறைவது மட்டும் பிழை இல்லை. ஊற்றாமலே அளவு ஏறியிருந்து, மணந்தால் டீசல் மணந்தால், கரி எரிப்பு அரைகுறையாக நிற்கிறது என்று பொருள். அந்த ஒயிலோடு ஓடினால் எஞ்சினுக்கு ஆபத்து. வடிகட்டி உள்ள வாகனத்துக்குச் சாம்பல் குறைந்த ஒயில் என்று தனியாக ஒரு வகை இருக்கிறது. கைநூலில் சொல்லியிருப்பதை வாங்குங்கள். கரியை எரிக்கலாம். ஒயிலால் வரும் சாம்பலை எரிக்க முடியாது. அது வடிகட்டிக்குள் நிரந்தரமாகத் தங்கும்.

வாகனம் நிற்கும் வேளையில் வழமைக்கு மாறாக எஞ்சின் சற்று வேகமாகச் சுழன்று, சூட்டு மணம் வந்து, விசிறி ஓடிக்கொண்டிருந்தால் கரி எரிப்பு நடக்கிறது என்று கொள்ளலாம். முடிந்தால் திறப்பை மூடாமல் இன்னும் பதினைந்து, இருபது நிமிடம் ஓடிவிட்டு வாருங்கள்.

டீசலைப் பொறுத்தவரை, கந்தகம் கூடிய எரிபொருள் இந்த அமைப்புகளுக்குப் பகை. யூரோ 4 தரம் என்றால் பத்து லட்சத்தில் 50 பங்குக்கு மேல் கந்தகம் இருக்கக்கூடாது. யூரோ 5 என்றால் 10 பங்கு. எங்கள் ஒட்டோ டீசலைவிடச் சுப்பர் டீசலில் கந்தகம் குறைவு, விலையோ கூட. வன்னியின் எல்லாச் செட்டுகளிலும் அது கிடைப்பதும் இல்லை. தினமும் அதையே அடிக்க எங்களால் முடியாது. கைநூல் எதைக் கேட்கிறது என்று பார்த்து, நீண்ட ஓட்டத்துக்கு முன்னராவது அதை அடிக்க அத்தான் முயற்சிக்கிறார். எதை அடித்தாலும் மண்ணெண்ணெய் கலப்பதில்லை என்பது இப்போது வீட்டில் சட்டம். டீசல் பில்டரின் அடியில் தேங்கும் தண்ணீரை மாதமொருமுறை வடிப்பதும் அப்படியே.

பழைய வாகனம் வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. விளக்கு எரியவில்லை என்பதால் பிழை இல்லை என்று நம்பவேண்டாம். எஞ்சினை இயக்கமுன் திறப்பை ‘ஒன்’ நிலைக்குத் திருப்பும்போது அந்த மஞ்சள் விளக்கு ஒருகணம் எரிந்து, எஞ்சின் இயங்கியதும் அணையவேண்டும். எரியவே இல்லையென்றால் யாரோ அதைப் பேசவிடாமல் செய்திருக்கிறார்கள்.

ஒரு கொப்பி

ஐந்து மாதமாகிறது. விளக்கு ஒருதடவை எரிந்தது. இம்முறை அத்தான் பதறவில்லை. ஸ்கேனர் காட்டிய கோட்டை எழுதிக்கொண்டு கிளிநொச்சிக்குப் போனார். அழுத்த சென்சரின் சின்னக் குழாய் கழன்றிருந்தது. மாட்டிவிட்டார்கள். காசு வாங்கவில்லை.

வாகனத்தின் முன் பெட்டிக்குள் இப்போது ஒரு கொப்பி கிடக்கிறது. மூத்த மகளின் பழைய பாடசாலைக் கொப்பி. திகதி, கிலோமீற்றர், கோட், என்ன செய்தது, யார் செய்தது, எவ்வளவு என்று அவளே கோடு போட்டுக் கொடுத்திருக்கிறாள். முதல் பக்கத்தில், நினைவிலிருந்து எடுத்து, தேர்மோஸ்ரற் கழற்றிய வருடத்தையும் எழுதியிருக்கிறார்கள்.

போன கிழமை அவர்களோடு மீண்டும் ஆனையிறவைக் கடந்தேன். முள் 65 இல் நின்றது. வெப்ப முள் நடுவில். அத்தான் அதைக் காட்டி, “முந்தி இது இவ்வளவு ஏறினால் நான் பயந்திருப்பன்” என்றார். கூறல் தொடங்கக் கால் மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேர்ந்தோம்.